சோளக்காட்டில் ஜெர்மன் கைதிகள்: பாட்டி சொன்ன கதை உண்மைதானா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதிவிடக் கூடாது. அயோவாவில் உங்களோடு வேலை பார்க்கும் நண்பரின் பண்ணை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அங்கே 90 வயதைத் தொட்ட அவருடைய பாட்டி, தான் சிறுமியாக இருந்தபோது தங்கள் சோளக்காட்டில் ஜெர்மன் போர்க்கைதிகள் வேலை செய்ததாகவும், மதியம் தன் அம்மா அவர்களைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துப் பரிமாறியதாகவும், காவலுக்கு வந்த சிப்பாய் மரத்தடியில் தூங்கிவிட அவனுடைய துப்பாக்கியை ஒரு கைதியே பத்திரமாக வைத்திருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் நடந்திருக்குமா, நடந்திருந்தால் அவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், ‘ஒருவிதத்தில் இது அடிமை வேலைதானே?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களை உறுத்துகிற உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் கல்லூரியில் 27 வருடம் உலக வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டாம் உலகப் போர் என்றால் மாணவர்கள் பீரங்கியையும் விமானத்தையும் பற்றித்தான் கேட்பார்கள். அத்தனை பட்டாளமும் தின்ற ரொட்டிக்கு யார் அறுத்துப் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்ததாலோ என்னவோ, நான் அதிகம் படித்தது அதைத்தான். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. கைதிகள் எழுதிய கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் படித்ததோடு சரி. அதனால் அமெரிக்க, பிரிட்டிஷ் தரப்பைப் பற்றி நான் சொல்வதில் இருக்கும் பிடிப்பு, கைதிகளின் மனதைப் பற்றிச் சொல்வதில் இருக்காது.

கைதிகள் வயலில் வேலை செய்ததும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை. துப்பாக்கிக் கதையில் எனக்கு ஒரு சின்ன நெருடல் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன். ஏன் ஓடவில்லை என்பதற்கு ‘அமெரிக்கர்கள் நன்றாக நடத்தினார்கள், அதனால் ஓடவில்லை’ என்றொரு பதில் அங்கே ஊருக்கு ஊர் சொல்லப்படுகிறது. அது பாதிப் பதில்கூட ஆகாது.

முதலில் இவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பது. 1943 மே மாதம் துனீசியாவில் ஜெர்மன், இத்தாலியப் படைகள் சரணடைந்தபோது நேச நாடுகளின் கையில் ஒரே மூச்சில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் வந்து விழுந்தார்கள். பிரிட்டனில் அவர்களை வைக்க இடமில்லை, சொந்த மக்களுக்கே உணவு ரேஷனில் இருந்த நேரம் அது. அமெரிக்காவிலிருந்து தளவாடங்களை ஏற்றி வந்த லிபர்ட்டி கப்பல்களோ திரும்பும்போது காலியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காலி இடத்தில் கைதிகளை ஏற்றினார்கள். இப்படிப் போர் முடிவதற்குள் ஏறக்குறைய 4 லட்சத்து 25 ஆயிரம் கைதிகள் அமெரிக்க மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் ஜெர்மானியர், 50 ஆயிரம் சொச்சம் இத்தாலியர், ஐயாயிரம் பேர் அளவில் ஜப்பானியர். துறைமுகத்தில் இறங்கியதும் சரக்குப் பெட்டியில் அடைப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களை மெத்தை இருக்கை போட்ட பயணி ரயிலில் ஏற்றியதைக் கைதிகள் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். பெரிய முகாம்களும் அவற்றின் கிளைகளுமாக நாடு முழுக்க 500க்கு மேல் முளைத்தன. அயோவாவில் அல்கோனா, கிளாரிண்டா என்று இரண்டு பெரிய முகாம்கள். அல்கோனாவின் கிளைகள் பக்கத்து மாநிலங்கள் வரை பரவியிருந்தன. உங்கள் நண்பரின் ஊர் மாநிலத்தின் வடக்கே இருந்தால் அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அல்கோனா ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

கிளை முகாம் என்றதும் கண்காணிப்புக் கோபுரமும் மின்சார வேலியும் உங்கள் மனதில் வரலாம். அறுவடைக்கு இரண்டு மாதம் என்று போட்ட முகாம்கள் பல வெறும் கூடாரங்கள்தான். காலியாகக் கிடந்த பொருட்காட்சித் திடல், பழைய வேலைவாய்ப்புத் திட்டத்துக்குக் கட்டிய கொட்டகை என்று கிடைத்த இடத்தில் தங்கவைத்தார்கள். காலையில் லாரி வரும், விவசாயி தன் பங்குக்கு நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்.

விவசாயி ஏன் எதிரி நாட்டுச் சிப்பாயைத் தேடிப் போனார்? ஆள் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்கப் படையில் உச்சகட்டத்தில் 1 கோடியே 20 லட்சம் பேர் இருந்தார்கள். மிச்சம் இருந்த இளவட்டங்களை விமானத் தொழிற்சாலையும் கப்பல் கட்டும் தளமும் இழுத்துக்கொண்டன. விளைந்து நிற்கிற பயிர் போர் முடியட்டும் என்று காத்திருக்காது. கதிர் சாய்ந்த பிறகும் ஆள் கிடைக்காமல் என் அப்பா தெருத்தெருவாக அலைந்ததைப் பார்த்தவன் என்பதால் அந்தப் பதற்றம் எனக்குப் புரியும். மெக்சிகோவோடு 1942 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டு அங்கிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். பண்ணை வேலைக்கென்று பெண்களைச் சேர்த்து ‘நிலப்படை’ ஒன்று அமைத்தார்கள். ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே முகாமில் அடைத்திருந்த தங்கள் சொந்தக் குடிமக்களை சர்க்கரை பீட்ரூட் வயலுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் பற்றவில்லை. 1943 கோடையிலிருந்து கைதிகளைப் பெரிய அளவில் வெளியே விட ஆரம்பித்தது அதனால்தான்.

அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. மாவட்ட விவசாய அலுவலரிடம் விவசாயி தேவையைச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் வழக்கமான கூலிக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் சான்று கொடுத்தால்தான் கைதிகள் வருவார்கள். உள்ளூர்க்காரர்களின் கூலி அடிபடக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் கிடுக்கிப்பிடி போட்டதன் விளைவு இது. ஒப்பந்தம் விவசாயிக்கும் ராணுவத்துக்கும் இடையே. உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ அதே கூலியை விவசாயி அரசாங்கத்திடம் கட்ட வேண்டும். கைதிக்கு அதிலிருந்து ஒரு நாளைக்கு 80 சென்ட். மீதி கருவூலத்துக்கு. ஆக, கைதி மலிவான ஆள் என்பது விவசாயியின் கணக்கில் சரியில்லை, அரசாங்கத்தின் கணக்கில்தான் சரி. இந்த விவரம் தெரியாமல் பண்ணைக்காரர்கள் கொள்ளை லாபம் அடித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

80 சென்ட் எங்கிருந்து வந்தது என்றால், போருக்குள் நுழைவதற்கு முன் அமெரிக்கக் கடைநிலைச் சிப்பாய் வாங்கிய மாதம் 21 டாலர் சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்தது. அதையும் காசாகத் தரவில்லை, முகாம் கடையில் மட்டும் செல்லுபடியாகும் கூப்பனாகத் தந்தார்கள். கையில் டாலர் இருந்தால் ரயில் ஏறிவிடுவானே! அந்தக் கூப்பனில் சிகரெட், சாக்லேட், குளிர்பானம், சில முகாம்களில் பீர்கூடக் கிடைத்தது. வேலை செய்யாதவர்களுக்கும் நாளைக்கு 10 சென்ட் படி உண்டு.

இதற்கெல்லாம் அடிப்படை 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம். சாதாரணச் சிப்பாயை வேலை வாங்கலாம். அதிகாரியை, அவராகக் கேட்டாலொழிய, வாங்க முடியாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஹவில்தார் வகையறாக்களை மேற்பார்வைக்கு மட்டும்தான் வைக்கலாம். போர் நடவடிக்கையோடு நேரடித் தொடர்புள்ள வேலையோ ஆபத்தான வேலையோ தரக் கூடாது. அந்த வட்டாரத்துத் தொழிலாளியைவிட அதிக நேரம் வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும். தனியாரிடம் வேலைக்கு விட்டாலும் பொறுப்பு அரசாங்கத்துடையதுதான். விவசாய வேலை இந்தச் சட்டத்துக்குள் அழகாகப் பொருந்தியது. உருளைக்கிழங்கைப் பட்டாளமும் தின்னும், பட்டணத்து மக்களும் தின்பார்கள், அது எப்படி ஆயுதமாகும்?

என்னென்ன வேலை என்றால், கனடா எல்லை ஓரம் மெய்ன் மாநிலத்தில் ஹூல்டன் பக்கம் உருளைக்கிழங்கு பொறுக்கினார்கள். அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் நிலக்கடலை பிடுங்கினார்கள். லூசியானாவில் கரும்பு வெட்டினார்கள். டெக்சாஸ், மிசிசிப்பி பக்கம் பஞ்சு எடுத்தார்கள். இந்தப் பஞ்சு விஷயத்தில் மட்டும் அவர்களை யாரும் மெச்சவில்லை. பஞ்சு எடுக்கிற விரல் வேகம் சிறு வயதிலிருந்து வர வேண்டும். பரம்பரையாக அந்த வேலையைச் செய்த கறுப்பினத் தொழிலாளிகள் எடுத்ததில் பாதிகூட ஜெர்மானியர்களால் எடுக்க முடியவில்லை என்று நிலக்காரர்கள் புலம்பினார்கள். அயோவாவில் மக்காச்சோளம் ஒடிப்பதோடு, கலப்பின விதைச்சோள வயலில் ஆண் கதிரை உருவிப் போடுகிற வேலையும் செய்தார்கள். நெப்ராஸ்கா, கொலராடோ, யூட்டா பக்கம் சர்க்கரை பீட்ரூட். பீட்ரூட்டை மண்ணிலிருந்து எடுத்துத் தலையைச் சீவ, நுனியில் கொக்கி வைத்த நீளமான கத்தி வேண்டும். ‘நாஜிச் சிப்பாய்’ என்று செய்தித்தாளில் படம் போட்டுப் பயமுறுத்திய ஆட்களின் கையில் காலையில் ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து வயலில் இறக்கினார்கள். பாட்டியின் துப்பாக்கிக் கதையைவிட எனக்கு இந்தக் கத்திதான் பெரிய ஆச்சரியம்.

சரி, சாப்பாட்டு மேசை. சட்டப்படி அது கூடாது. கைதிகளோடு ஒட்டி உறவாடக் கூடாது என்று ராணுவம் சொல்லியிருந்தது, மதியத்துக்கு முகாமிலிருந்தே பொட்டலம் வரும். இரண்டு ரொட்டித் துண்டு, நடுவே ஏதோ ஒன்று. வயல்காட்டில் மாடாக உழைக்கிற ஆளுக்கு அது எந்த மூலைக்கு? நன்றாகச் சாப்பிட்டவன் மதியத்துக்கு மேலும் நன்றாக வேலை செய்வான் என்பது எந்த நாட்டுச் சம்சாரிக்கும் தெரிந்த கணக்கு. அப்புறம் இன்னொன்று: அயோவா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின் போன்ற இடங்களில் பண்ணைக்காரர்களில் பெரும்பகுதி ஜெர்மன் வம்சாவளியினர். வீட்டில் தாத்தா பாட்டி ஜெர்மன் பேசுவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தங்கள் பாட்டனாரின் மொழியில் ‘தண்ணீர் கிடைக்குமா’ என்று கேட்டால், சொந்த மகன் அதே நேரத்தில் ஐரோப்பாவில் துப்பாக்கியோடு நின்றாலும், அந்த அம்மாவால் எத்தனை நாள் அவனைத் திண்ணையிலேயே உட்காரவைக்க முடியும்? பாட்டி சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லாததற்கு இதுதான் காரணம். இதே சம்பவம் அந்த மாநிலங்கள் முழுக்க, ஒருவரை ஒருவர் அறியாத குடும்பங்களில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் அந்த மேசை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தென் மாநிலங்களில் ஜெர்மன் கைதிகளை அழைத்துப்போன இடங்களில் அவர்களை உள்ளே உட்காரவைத்துப் பரிமாறிய உணவகங்கள், அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்த கறுப்பினச் சிப்பாய்களைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லின. நாட்டுக்காகச் சண்டை போடுகிறவனைவிட நாட்டோடு சண்டை போட்டவனுக்கு மரியாதை அதிகம் என்று அந்தச் சிப்பாய்கள் மனம் கசந்து எழுதியிருக்கிறார்கள். நேசமான கதைகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

இனி துப்பாக்கி. காவல் உண்மையிலேயே தளர்வாகத்தான் இருந்தது. முதலில் பத்துப் பேருக்கு ஒரு காவலன் என்ற ரீதியில் ஆரம்பித்து, போகப்போக ஒரே ஆள் பல வயல்களைச் சுற்றிப் பார்ப்பதாக ஆனது, சில இடங்களில் காவலே இல்லாமலும் போனது. அதனால் தூங்கிய காவலன் என்பதை நம்புவதில் சிரமமில்லை. என் நெருடல் என்னவென்றால், ‘துப்பாக்கியைக் கைதி பிடித்துக்கொண்டான்’, ‘மேலதிகாரி வருவதைப் பார்த்துக் கைதியே காவலனை எழுப்பினான்’ என்ற கதை டெக்சாஸிலும் சொல்லப்படுகிறது, மினசோட்டாவிலும் சொல்லப்படுகிறது, ஏறக்குறைய வார்த்தை மாறாமல். பல இடத்தில் நடந்திருக்கலாம். ஒரு இடத்தில் நடந்து ஊர் ஊராகப் பயணம் செய்திருக்கவும் கூடும். எட்டு வயதில் பார்த்ததும் பிற்பாடு பெரியவர்கள் சொல்லிக் கேட்டதும் எண்பது வருடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவது இயல்புதான். பாட்டி பொய் சொல்கிறார் என்று சொல்லவே மாட்டேன்.

ஏன் ஓடவில்லை? ஓடினவர்கள் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள், அநேகமாக எல்லோரும் ஓரிரு நாளில் பிடிபட்டார்கள். பிடிபட்டால் ஜெனீவா ஒப்பந்தப்படி அதிகபட்சம் 30 நாள் தனிச்சிறை, அவ்வளவுதான் தண்டனை. அதனால் சலிப்புக்காக ஒரு நாள் வெளியே போய்ப் பார்த்து வந்தவர்களும் உண்டு. போய்ச் சேர இடம் வேண்டுமே! இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரயிலில் நாள்கணக்கில் போனாலும் முடியாத நாடு. அரிசோனாவில் பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் பாபகோ பார்க் என்ற முகாமில் 1944 டிசம்பர் 23ஆம் தேதி இரவு கப்பற்படைக் கைதிகள் 25 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். அதில் மூன்று பேர் வரைபடத்தில் நீலக் கோடாக ஓடிய ஆற்றைப் பார்த்துவிட்டு, அதன் வழியே மிதந்து மெக்சிகோ போய்விடலாம் என்று மடித்து எடுத்துப்போகிற படகு ஒன்றை ரகசியமாகச் செய்து வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஆறு வறண்டு கிடந்தது. வைகைக் கரையில் வளர்ந்தவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான். 25 பேரும் பிடிபட்டார்கள். அதற்கு நேர்மாறாக கியோர்க் கேர்ட்னர் என்பவர், போர் முடிந்த பிறகு, 1945 செப்டம்பரில், நியூ மெக்சிகோவில் டெமிங் முகாமிலிருந்து தப்பி, வேறு பெயரில் 40 வருடம் அமெரிக்காவிலேயே வாழ்ந்து 1985இல் தானாக வந்து சரணடைந்தார். அவர் தப்பியது ஊருக்குப் போவதற்காக இல்லை, ஊருக்கு அனுப்பிவிடாமல் இருப்பதற்காக. அவருடைய சொந்த ஊர் சோவியத் படையின் கைக்குப் போயிருந்தது.

இதோடு நிறுத்தினால் பாட்டியின் கதை ஒரு இனிமையான கதையாக முடிந்துவிடும். ஆனால் முகாமுக்குள் பயம் இருந்தது. அந்தப் பயம் பெரும்பாலும் அமெரிக்கர்களிடம் இல்லை, சக கைதிகளிடம். ஓக்லஹோமாவில் டோன்காவா முகாமில் 1943 நவம்பரில் யோகன்னஸ் குன்ஸே என்ற கைதியை, அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்தான் என்று சக கைதிகளே அடித்துக் கொன்றார்கள். அதற்காக ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எப்போது என்பதைக் கவனியுங்கள். தண்டனை முன்பே தீர்மானமாகிவிட்டது, தூக்கு மட்டும் 1945 ஜூலை வரை தள்ளிப்போனது. இடையில் ஜெர்மனியின் கையில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கைதிகள் இருந்தார்கள். நீ என் ஆளைத் தூக்கிலிட்டால் நான் உன் ஆளைத் தூக்கிலிடுவேன் என்ற மிரட்டல் இருந்தவரை அமெரிக்கா கை வைக்கவில்லை. மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது, ஜூலையில் கயிறு விழுந்தது.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வருகிற முக்கியமான பதில் இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. கைதிக்குக் கிடைத்த ரொட்டிக்கும் கூப்பனுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கும் பின்னால், கடலுக்கு அந்தப் பக்கம் எதிரியின் கையில் நம் பிள்ளை இருக்கிறான் என்ற எண்ணம் இருந்தது. ஜெர்மனியின் சார்பாக சுவிட்சர்லாந்துக்காரர்கள் முகாம்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்கள், செஞ்சிலுவைச் சங்கம் வந்தது. நல்ல மனசு இல்லை என்று சொல்லவில்லை, மேசையில் சோறு போட்ட அம்மாவிடம் இருந்தது நல்ல மனசுதான். ஆனால் அரசாங்கம் நடந்துகொண்ட விதம் கொடுக்கல் வாங்கல். ஜெர்மனி சரணடைந்ததும் அதன் கையில் பணயமாக யாரும் மிஞ்சவில்லை. ஜெர்மன் அரசாங்கமே இல்லை என்பதால் சுவிஸ் கண்காணிப்பும் முடிவுக்கு வந்தது. ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய சித்திரவதை முகாம்களின் படங்களைப் பார்த்து அமெரிக்க மக்களுக்கு ஆத்திரம் வேறு. அந்த மே மாதமே முகாம்களில் இறைச்சி குறைந்தது, சிகரெட்டும் பீரும் காணாமல் போயின. அதே கைதிகள், அதே வயல், அதே வேலைதான். சாப்பாடு மட்டும் மாறியது. அந்த ஜூலையில் யூட்டாவில் சலைனா என்ற ஊரில், பீட்ரூட் வேலைக்கு வந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த கைதிகள் மீது ஒரு காவல் சிப்பாய் நள்ளிரவில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு ஒன்பது பேரைக் கொன்றான். அது மனம் பிறழ்ந்த ஒருவன் செய்த காரியம், அரசாங்கக் கொள்கை இல்லை. அதை மேலே சொன்னதோடு முடிச்சுப் போட மாட்டேன். ஆனாலும் இனிய கதைகளின் பட்டியலில் சலைனா வராமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடிமை வேலையா என்று எடைபோட, எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனிக்குள்ளும் விவசாயம் கைதிகளின் தோளில்தான் நின்றது. 1939இல் பிடிபட்ட போலந்துச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் அந்த இலையுதிர் காலத்திலேயே வயலுக்கு வந்துவிட்டார்கள். பிறகு அவர்களிடமிருந்து போர்க்கைதி என்ற தகுதியையே பறித்து, சாதாரணக் கூலிகளாக்கி, சட்டையில் ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜெர்மன் குடும்பத்தோடு ஒரே மேசையில் அவர்கள் சாப்பிடக் கூடாது என்பது உத்தரவு. ஜெர்மன் பெண்ணோடு உறவு என்றால் தூக்கு. அங்கேயும் உத்தரவை மீறிச் சோறு போட்ட பண்ணைக்காரிகள் இருந்தார்கள், அதற்காகத் தண்டனையும் வாங்கினார்கள். பிரெஞ்சுக் கைதிகளின் நிலை இதைவிட நன்றாக இருந்தது, அவர்களில் பெரும்பங்கினர் பண்ணைகளில்தான் போர் முடியும்வரை கிடந்தார்கள். சோவியத் கைதிகள் விஷயத்தில் எந்தச் சட்டமும் இல்லை. பிடிபட்ட 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் குண்டாலும் செத்தார்கள். ‘அடிமை’ என்ற சொல்லை அயோவாவுக்குச் செலவழித்துவிட்டால் இதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு.

அதற்காக அமெரிக்கா, பிரிட்டன் கணக்கு சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலிருந்து கடைசித் தொகுதி கிளம்பியது 1946 ஜூலையில். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக் கப்பல் ஏறியவர்களில் ஏராளமானோர் லிவர்பூலில் இறக்கப்பட்டு மறுபடி வயலுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்னும் பலர் பிரான்ஸ் வசம் ஒப்படைக்கப்பட்டு, வயல் வேலையோடு, புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கிற வேலைக்கும் போனார்கள். பிரிட்டனில் 1946 செப்டம்பரில், அதாவது சண்டை ஓய்ந்து 16 மாதம் கழித்து, நாலு லட்சம் ஜெர்மானியர் இன்னும் கைதிகளாகவே இருந்தார்கள். அந்த ஆண்டு அந்த நாட்டின் விவசாய வேலையில் ஐந்தில் ஒரு பங்கு அவர்கள் செய்தது என்பார்கள். அவர்களை அனுப்ப ஆரம்பித்ததே அந்த மாதம்தான், முடிந்தது 1948 ஜூலையில். சட்டத்தில் இதற்கு ஒரு சந்து இருந்தது. 1929 ஒப்பந்தம் ‘சமாதானம் ஏற்பட்டதும் கூடிய விரைவில்’ திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. சமாதான உடன்படிக்கை போட எதிரே ஜெர்மன் அரசாங்கமே இல்லை, ஆகவே சமாதானம் ‘ஏற்படவில்லை’. இந்த வாதத்தைக் கேட்டுக் கொதித்த ஆங்கிலேயர்கள் பலர் இருந்தார்கள். ‘அடிமை உழைப்பு’ என்ற சொல் நாடாளுமன்றம் வரை போனது. 1949இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது, சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த ஒரு வரி மாற்றத்துக்குப் பின்னால் இந்த வயல்களில் கழிந்த வருடங்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். சட்டப்படி மிக மோசமான இந்த வருடங்களில்தான் பிரிட்டனில் மனிதர்கள் நெருங்கினார்கள். 1946 டிசம்பர் வரை ஜெர்மன் கைதியை வீட்டுக்கு அழைக்கவே தடை. கிறிஸ்துமஸுக்கு அது தளர்ந்ததும் குடும்பங்கள் முகாம் வாசலில் வந்து நின்று ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போனார்கள். 1947 ஜூலையில் திருமணத் தடையும் போனது. அப்படி நடந்த திருமணங்கள் 796. போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டபோது 24 ஆயிரம் பேர் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். கால்பந்து பார்ப்பவராக இருந்தால் பெர்ட் டிராட்மன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கைதியாக வந்து, ஊர் திரும்ப மறுத்து, பண்ணையில் வேலை செய்து, பிறகு மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்கீப்பர் ஆனவர். 1956 கோப்பை இறுதி ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ஆடி முடித்தார்.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. 1940 டிசம்பரில் எகிப்தில் சிதி பர்ரானியில் இத்தாலியப் படை தோற்றபோது, பிடித்தவர்களில் நான்காவது இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. அடுத்தடுத்து பிடிபட்ட இத்தாலியர்களை ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பெங்களூர், போபால், டேராடூன், யோல் ஆகிய இடங்களில் வைத்தார்கள். இங்கே அவர்கள் பெரும்பாலும் வேலியே கதியென்று கிடந்தார்கள், விவசாய வேலைக்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆள் பஞ்சம். 1943, 44இல் இந்திய முகாம்களிலிருந்து ஒரு பெரும் பகுதியைக் கப்பலில் அங்கே அனுப்பினார்கள். கருஞ்சிவப்புச் சாயம் தோய்த்த உடுப்போடு, ஒரு பண்ணைக்கு இரண்டு மூன்று பேராக, காவலனே இல்லாமல் விவசாயியின் பொறுப்பில் விட்டார்கள். போர் முடிந்ததும் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்டவர்களை ஆஸ்திரேலியா அனுமதிக்கவில்லை, எல்லோரும் இத்தாலி திரும்ப வேண்டியிருந்தது. சில வருடங்களில் பலர் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தார்கள், அதே விவசாயி எழுதிக்கொடுத்த அழைப்புக் கடிதத்தோடு.

ஆகவே அடிமை வேலையா என்றால், 1945 மே மாதத்துக்கு முன் அமெரிக்காவில் நடந்ததை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சட்டம் இருந்தது, கூலி இருந்தது, கேட்க ஆள் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு, குறிப்பாக பிரான்ஸிலும் பிரிட்டனிலும், அந்தச் சொல்லை யாராவது பயன்படுத்தினால் மறுத்துப் பேச மாட்டேன். என்னைப் போலவே இதைப் படித்த வேறு ஒருவர் எல்லைக்கோட்டை வேறு இடத்தில் போடலாம்.

பாட்டியை மறுபடி பார்க்கும்போது ஒன்றிரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வந்தது 1944 கோடையா, 1945 கோடையா? இரண்டு வருடமும் வந்தார்கள் என்றால், இரண்டாவது வருடம் முகாமிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தில் என்ன இருந்தது? அம்மா மேசையில் உட்காரவைக்க ஆரம்பித்தது எப்போது? அப்புறம், போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து அந்த வீட்டுக்குக் கடிதம் ஏதாவது வந்ததா? காபித்தூளும் பழைய துணியும் கேட்டு அப்படிப் பல வீடுகளுக்குக் கடிதம் வந்தது. பரணில் ஒரு பெட்டிக்குள் கிடக்க வாய்ப்பு உண்டு. முடிந்தால் அல்கோனாவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எட்வர்ட் கைப் என்ற கைதியும் நண்பர்களும் செய்த கிறிஸ்து பிறப்புக் குடில், ஆள் உயரத்தில் பாதி அளவுள்ள 60 பொம்மைகளோடு, ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே மக்கள் பார்வைக்குத் திறக்கிறார்கள்.